ஊரப்பாக்கத்துக் கைபேசியையும் பட்டியலில் சேருங்கள்

தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருந்து செயலிச் சோதனை வேலை பார்க்கும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்



பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று இந்த ரயில் பாதையை ஒட்டி வீடு எடுத்துத் தங்கி, மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக்கும் மகிந்திரா சிட்டிக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் போய்வரும் மென்பொருள்காரர்களில் டெஸ்டிங் பிரிவில் இருப்பவர்கள் ஏராளம். உங்களுக்குத்தான் இந்த மடல். ஒரு செயலியை மக்கள் கையில் கொடுப்பதற்கு முன் எந்தெந்தக் கைபேசிகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று உங்கள் ஒவ்வொரு குழுவிடமும் ஒரு பட்டியல் இருக்கும். ஆட்டோமேஷன் பற்றிப் பேச உட்கார்ந்தால் எந்தக் கருவி, எந்த நிரல்மொழி, எத்தனை ஸ்கிரிப்ட், எவ்வளவு நேரத்தில் முடிகிறது என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்தப் பட்டியலை யார் எழுதினார்கள், யாருடைய கைபேசியைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்பது அபூர்வம். என் வாதம் முழுவதும் அந்தப் பட்டியலைப் பற்றியது. பல கைபேசிகளில், பல தளங்களில் செயலியைத் தானியங்கியாகச் சோதிப்பது இன்று தவிர்க்க முடியாதது. ஆனால் பட்டியல் பிசகினால், தானியங்கிச் சோதனை அந்தப் பிசகை ஒவ்வொரு இரவும் ‘எல்லாம் பாஸ்’ என்று உறுதிப்படுத்திக்கொண்டே இருக்கும். அதைத் திருத்தும் தகுதி, தினமும் இந்த ரயிலில் ஏறி இறங்கும் உங்களுக்கு இருக்கும் அளவுக்கு வேறு யாருக்கும் இல்லை.

இந்தப் பாதைக்கு இந்த விஷயத்தில் தனி இடமும் உண்டு. முன்பதிவில்லாத ரயில் டிக்கெட்டைக் காகிதமே இல்லாமல் கைபேசியில் எடுக்கும் வசதியை அப்போதைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு 2015 ஏப்ரல் 22 அன்று தொடங்கிவைத்தபோது, அது முதலில் வந்தது எழும்பூர்–தாம்பரம் புறநகர்த் தடத்துக்குத்தான். ரயில்வேயின் மென்பொருள் அமைப்பான கிரிஸ் உருவாக்கிய யுடிஎஸ் செயலி அது. வண்டியில் ஏறிவிட்டு, பரிசோதகர் தலையைப் பார்த்ததும் டிக்கெட் எடுப்பதைத் தடுக்க, ஆள் எங்கே நிற்கிறார் என்பதைச் செயலி ஜிபிஎஸ்ஸிடம் கேட்டது. தண்டவாளத்துக்கு மிக அருகில் நின்றால் டிக்கெட் கிடைக்கவில்லை. நிலையத்துக்குள் இருப்பவர்களுக்காகப் பிறகு சுவரில் க்யூஆர் குறியீடு ஒட்டப்பட்டது. பத்தாண்டு கழித்து, 2025 ஜூலை 1 அன்று ரயில்வேயின் ரயில்ஒன் செயலி வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டா, மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில், ஆட்டோ, டாக்சி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து ‘சென்னை ஒன்’ செயலியைக் கொண்டுவந்தது. இதற்கு நடுவில், 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டதால், தென் மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் நகரத்துக்குள் நுழையும் வாசலே ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. விடியற்காலையில் மூட்டை முடிச்சோடு இறங்கும் ஒருவர் அடுத்த வண்டி பிடிக்கக் கைபேசியைத் திறக்கிறார். அந்தக் கைபேசி உங்கள் பட்டியலில் இருக்கிறதா?

இது வசதி சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் இல்லை. புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு சேர்த்துக் குறைந்தது 250 ரூபாய் அபராதம். பணம் போய், டிக்கெட் திரையில் வராமல் நிற்கும் பயணியிடம் பரிசோதகர் கேட்பது டிக்கெட்டைத்தான். ‘ஆப் மாட்டிக்கொண்டது’ என்ற விளக்கத்தை அவர் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. மெப்ஸில் ஷிஃப்டுக்குப் போகும் பெண்ணுக்கும், வீட்டு வேலைக்கு நகரத்துக்குள் போய்வரும் அம்மாவுக்கும் அந்த 250 ரூபாய் ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி. பொழுதுபோக்குச் செயலி முறிந்தால் மூடிவிட்டுப் போகலாம். டிக்கெட், மின்கட்டணம், ரேஷன், வங்கி என்று வரும் செயலிகளில் அப்படி விட்டுவிட முடியாது.

கையால் சோதித்தே சமாளிக்கலாமே என்று இன்னமும் சிலர் சொல்வதுண்டு. கைபேசிகளின் எண்ணிக்கை அதற்கு இடம் தராது. ஓப்பன்சிக்னல் நிறுவனம் 2012இல் தன் செயலியை நிறுவியிருந்த ஆண்ட்ராய்டு கைபேசிகளை எண்ணியபோது 3,997 மாதிரிகள் இருந்தன. 2015இல் அது 24,093 ஆகியிருந்தது. மூன்றே ஆண்டில் ஆறு மடங்கு. ஆப்பிள் பக்கம் மாதிரிகள் சொற்பம்; நம் ஊரில் புழங்கும் கைபேசிகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் ஆண்ட்ராய்டுதான். இதில் ஒரே ஆண்ட்ராய்டு பதிப்பு சாம்சங்கில் ஒரு மாதிரியும், ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மீ கைபேசிகளில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணிச் செயலிகளை நிறுத்தும் விதத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வழக்கம். 2016இல் ஃபேஸ்புக் தன் பிரைன்வில் தரவு மையத்தில் அடுக்குக்கு 32 கைபேசி வீதம் 60 அடுக்குகள் வைத்து, ஏறக்குறைய 2,000 கைபேசிகளில் ஒவ்வொரு நிரல் மாற்றத்தையும் தானாகச் சோதித்ததாக அறிவித்தது. அந்த அளவு யாருக்கும் வாய்க்காது. ஆனால் இந்தச் சோதனையை மனிதக் கையால் செய்து தீராது என்பதை அந்த ஏற்பாடே காட்டுகிறது.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஜேசன் ஹக்கின்ஸ் 2004இல் வலைப்பக்கங்களுக்காகச் செலினியம் எழுதினார். டான் குவெல்லார் ஐபோன் செயலிகளுக்காகத் தொடங்கிய முயற்சி, 2012 லண்டன் செலினியம் மாநாட்டுக்குப் பிறகு ஹக்கின்ஸும் சேர்ந்து ஆப்பியமாக வளர்ந்தது. ஒரே ஸ்கிரிப்டின் போக்கை வைத்து ஆண்ட்ராய்டையும் ஐபோனையும் இயக்கலாம் என்பதே அதன் பலம். கூகுளின் எஸ்பிரெஸ்ஸோவும் ஆப்பிளின் எக்ஸ்சியுஐடெஸ்டும் அவரவர் தளத்துக்குள் இன்னும் வேகமானவை. கைபேசி வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். 2011இல் மும்பையில் ரித்தேஷ் அரோராவும் நகுல் அகர்வாலும் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக் இன்று உலகம் முழுவதும் உள்ள குழுக்களுக்கு நிஜக் கைபேசிகளை இணையம் வழியே தருகிறது. இவையெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். இதில் எதுவுமே எந்தக் கைபேசி, எந்த நிலை என்று தானாகத் தீர்மானிப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிக்கலை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். 2 அல்லது 3 ஜிபி ராம் உள்ள கைபேசி. உள்சேமிப்பு 32 ஜிபி, அதில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப் படங்கள். பயணி டிக்கெட் செயலியில் ஊரப்பாக்கம், கிண்டி என்று தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் பொத்தானை அழுத்துகிறார். யுபிஐ செயலி முன்னால் வருகிறது. அதுவே பெரிய செயலி, ராமைக் கேட்கிறது. இடமில்லாததால், பின்னால் போன டிக்கெட் செயலியை ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறது. பின் எண் போடுகிறார், பணம் போகிறது, ‘திரும்பிச் செல்’ என்று வருகிறது. திரும்பினால் டிக்கெட் செயலி புதிதாகப் பிறந்ததுபோல் முதல் பக்கத்தில் நிற்கிறது. எந்த நிலையத்திலிருந்து எங்கே, எந்தப் பரிவர்த்தனைக்குக் காத்திருந்தோம் என்ற நினைவு போய்விட்டது. தன் நிலையைக் குறித்துவைத்து மீட்டெடுக்க ஆண்ட்ராய்டு வழி வைத்திருக்கிறது. நிரலாளர் அதை எழுதியிருக்க வேண்டும், சோதனையாளர் அதைக் கேட்டிருக்க வேண்டும். 12 ஜிபி ராம் உள்ள கைபேசியிலோ, தாராளமாக ராம் ஒதுக்கிய எமுலேட்டரிலோ இது பெரும்பாலும் நடக்காது. ஆயிரம் முறை ஓட்டினாலும் ஆயிரம் முறையும் பாஸ். அதே ஸ்கிரிப்டில், பணம் கட்டும் கட்டத்தில் செயலியின் இயக்கத்தை வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி உள்ளே வரும் ஒரு படியைச் சேர்த்தால் முதல் ஓட்டத்திலேயே வெளிச்சத்துக்கு வரும். ஸ்கிரிப்டில் அந்தப் படியைச் சேர்க்கத் தோன்ற வேண்டுமானால், அதை எழுதுகிறவருக்கு அந்தக் கைபேசியைத் தெரிந்திருக்க வேண்டும்.

இருப்பிட அனுமதியும் இப்படித்தான். 2020இல் ஐபோனின் ஐஓஎஸ் 14உம், 2021இல் ஆண்ட்ராய்டு 12உம் ‘துல்லியமான இடம்’, ‘தோராயமான இடம்’ என்று பயனருக்குத் தேர்வு கொடுத்தன. பயனரின் அந்தரங்கத்துக்கு நல்லது. நான் அதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் தோராயம் என்றால் ஆண்ட்ராய்டின் கணக்கில் சுமார் 3 சதுர கிலோமீட்டர். ஊரப்பாக்கம் நிலைய நடைமேடையில் நிற்கிறாரா, ஜிஎஸ்டி சாலையில் தேநீர்க் கடையில் நிற்கிறாரா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. இடத்தை நம்பி முடிவெடுக்கும் எந்தச் செயலியும், பயனர் தோராயத்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன சொல்ல வேண்டும், எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். இரண்டு தளங்களிலும் அந்தக் கேள்வியின் வடிவமே வேறு: ஆண்ட்ராய்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள், ஐபோனில் வரைபடத்தின் மேல் ஒரு சின்னப் பொத்தான். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே எல்லா அனுமதியையும் கொடுத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். வேகமாக முடியும் என்பதால். அப்படி ஓட்டும்போது, மறுத்த பயனரும் பாதி கொடுத்த பயனரும் சோதனையில் இல்லாமலே போகிறார்கள்.

தமிழுக்கு வருகிறேன். இந்தத் தடத்தில் தாம்பரம் என்று ஒரு நிலையம், அடுத்தது தாம்பரம் சானடோரியம். சென்னை கடற்கரை, சென்னை கோட்டை, சென்னை பூங்கா மூன்றும் வரிசையாக வருகின்றன. தெற்கே சிங்கப்பெருமாள் கோவில், காட்டாங்கொளத்தூர். கண் மங்கிய ஒருவர் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். ஆண்ட்ராய்டு 14இல் இருந்து இரண்டு மடங்கு வரை பெரிதாக்கலாம். ஆங்கிலத்தை அளவாக வைத்து வடிவமைத்த பெட்டியில் தமிழ்ப் பெயர் அடங்காமல் ‘தாம்பரம்…’ என்று மூன்று புள்ளியோடு நின்றால், இரண்டில் எது எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூன்று ‘சென்னை…’களில் எதைத் தொடுவார்? பட்டியலில் பெயர் இருக்கிறது, தொட்டால் வேலை செய்கிறது என்பதால் ஸ்கிரிப்ட் பாஸ் சொல்லிவிடும். பெட்டிக்குள் எழுத்து முழுதாகத் தெரிகிறதா என்று திரையின் படத்தை ஒப்பிடும் சோதனை தனியாக வேண்டும். எழுத்தின் அளவை மாற்ற ஆண்ட்ராய்டில் ஒரே வரிக் கட்டளை போதும்; செலவு ஒன்றுமில்லை. தேடல் பெட்டியும் அப்படியே. ஊரப்பாக்கத்தை ஆங்கில எழுத்தில் ‘யு’வில் தொடங்குகிறவரும் உண்டு, இரட்டை ‘ஓ’வில் தொடங்குகிறவரும் உண்டு. கூடுவாஞ்சேரிக்கு ‘ஜி’யா ‘கே’யா, கடைசியில் ‘ஐ’யா ‘ஒய்’யா என்பது கடைக்குக் கடை பலகையில் மாறும். சோதனைத் தரவில் இந்த எழுத்துக்கூட்டல்கள் எல்லாம் இருக்க வேண்டும். தலைமையகத்தில் உட்கார்ந்து இதை ஊகிக்க முடியாது. இந்த வழியில் போய்வருகிறவருக்கு யோசிக்காமலே வரும்.

இத்தனையையும் பெருக்கினால் எங்கே போய் நிற்கும் என்பதுதான் நியாயமான முதல் ஆட்சேபம். பெருக்கியே பார்ப்போம். 12 கைபேசி, 4 வகை நெட்வொர்க் நிலை, 3 வகை இருப்பிட அனுமதி, 3 எழுத்து அளவு, 2 மொழி: 864 சேர்க்கைகள். ஒரு டிக்கெட் எடுக்கும் சோதனைக்கு 10 நிமிடம் என்றால் ஒரு ஆள் 8 மணி நேர வேலைநாளாக 18 நாள் உட்கார வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பான நிஸ்டைச் சேர்ந்த ரிச்சர்ட் கூனும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கிறது. மருத்துவக் கருவிகள், வலை உலாவி, சர்வர் என்று பல வகை மென்பொருள்களின் கோளாறுகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை ஒரு காரணியாலோ இரண்டு காரணிகள் சேர்வதாலோதான் உண்டாகியிருந்தன. ஆறுக்கு மேற்பட்ட காரணிகள் சேர்ந்தால்தான் வரும் என்று சொல்லத்தக்க கோளாறு அகப்படவில்லை. அப்படியானால் ஒவ்வொரு இரண்டு காரணிச் சேர்க்கையும் ஒரு முறையாவது வந்துவிடும்படி தேர்ந்தெடுத்தால் போதும்: மேலே சொன்ன 864க்குப் பதில் 48ஐ ஒட்டிய எண்ணிக்கை. 12 கைபேசியும் ஒரே நேரத்தில் ஓடினால் கைபேசிக்கு 4 சோதனை, 40 நிமிடம். இப்படிப் பத்துப் பயண வழிகள் இருந்தாலும் 7 மணி நேரத்துக்குள் முடியும். இரவு ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் முடிவு கையில். மேலே சொன்ன யுபிஐ சிக்கல் போன்றவை மூன்று காரணிகள் சேர்வதால் வரக்கூடும். அவற்றை அனுபவத்தால் அறிந்து தனியாகச் சேர்க்க வேண்டும். ஆட்டோமேஷனின் நிஜமான பலன் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பட்டியலில் ஒரு பழைய கைபேசியைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவை அது நாள்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்குக் கொண்டுவந்துவிட்டது. செலவு குறைந்த பிறகும் பட்டியல் வளரவில்லை என்றால், அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

அந்தக் காரணமாகச் சொல்லப்படுவது புள்ளிவிவரம். ‘எங்கள் அனலிட்டிக்ஸில் பழைய கைபேசிகள் இரண்டு மூன்று சதவீதம்தான். அவற்றுக்காக ஏன் மெனக்கெட வேண்டும்?’ இது வலுவான ஆட்சேபம், மேலோட்டமாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அனலிட்டிக்ஸ் எண்ணுவது செயலியை நிறுவி, திறந்து, வேலை செய்ய வைத்தவர்களை. நிறுவ இடமில்லாதவர், திறந்ததும் முறிந்து நீக்கியவர், முதல் முறை பணம் போய் டிக்கெட் வராததால் கவுன்டர் வரிசைக்கே திரும்பியவர் ஆகியோர் அந்தக் கணக்கில் இருக்க மாட்டார்கள், அல்லது ஒரு நாள் தலைகாட்டிவிட்டு மறைவார்கள். செயலி சரியாக ஓடாத கைபேசியில் அது குறைவாகத்தான் புழங்கும். குறைவாகப் புழங்குகிறது என்று சொல்லியே அந்தக் கைபேசியைப் பட்டியலிலிருந்து நீக்கினால் அந்த வட்டம் உடையவே உடையாது. ஃபேஸ்புக் குழு ஒன்று 2013இல் ஆப்பிரிக்காவுக்கு நேரில் போய்த் தங்கள் செயலியை அங்கே கிடைக்கும் கைபேசிகளில் பயன்படுத்திப் பார்த்தது. செயலி அடிக்கடி முறிந்தது; ஒரு மாத டேட்டா 40 நிமிடத்தில் தீர்ந்தது. அலுவலகத்துக்குள் இருந்துகொண்டு அதை உணர்வது எளிதல்ல. 2015இல், செவ்வாய்க்கிழமைதோறும் விருப்பமுள்ள ஊழியர்கள் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கண்டம் தாண்டிப் போய்ப் பார்த்ததை நீங்கள் மாலை ரயிலில் எதிர் இருக்கையிலேயே பார்க்கலாம்.

‘தானியங்கிச் சோதனைகள் நம்பகமில்லை, காரணமில்லாமல் ஃபெயில் ஆகும், அதைத் துரத்துவதிலேயே நேரம் போகும்’ என்பது அடுத்தது. உண்மைதான். கூகுளே 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, சோதனை ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படி நிலையில்லாத முடிவு தந்தன; சோதனைகளில் 16 சதவீதத்தில் ஏதோ ஒரு அளவில் அந்தக் குணம் இருந்தது. மலிவான கைபேசியில் இது கூடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கிரிப்ட் 5 விநாடி காத்திருந்து, பொத்தான் வராததால் ஃபெயில் ஆகிறது என்றால், அதே கைபேசியை வைத்திருக்கும் மனிதரும் 5 விநாடி வெற்றுத் திரையைப் பார்க்கிறார். அவர் இரண்டு முறை அழுத்துவார். இரண்டு முறை பணம் போகலாம். காத்திருக்கும் நேரத்தை 20 விநாடியாக மாற்றி, திரும்பத் திரும்ப ஓட்டி, பாஸ் ஆக்கிவிடுவது எளிது, செய்யவே செய்கிறோம். மலிவுக் கைபேசியில் மட்டும் தடுமாறும் சோதனையை நிலையில்லாதது என்று ஒதுக்குவதற்கு முன், தடுமாறுவது ஸ்கிரிப்டா செயலியா என்று ஒரு முறை பிரித்துப் பாருங்கள். ஸ்கிரிப்ட்தான் என்று தெரிந்தால் தாராளமாகத் திருத்துங்கள்.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய கைபேசிகள் ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும். ஜப்பானின் சைபர் ஏஜென்ட் நிறுவனம் பொதுவில் விட்ட எஸ்டிஎஃப் போன்ற இலவச மென்பொருளை வைத்து, ஒரு மேசையில் அடுக்கிய கைபேசிகளைக் குழு முழுவதும் உலாவி வழியே பகிர்ந்துகொள்ளலாம். நெட்வொர்க்கை மெதுவாக்கும் கருவியையும் ஃபேஸ்புக் 2015இல் பொதுவில் விட்டது. பேட்டரி உப்பும், கேபிள் போகும், யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், அது தொல்லைதான். தொல்லை வேண்டாம் என்பவர்கள் வாடகைக்குப் போகலாம், ஆனால் அங்கே நம் ஊர் சிம்மும் யுபிஐயும் வைத்துச் சோதிப்பது கடினம். இரண்டு சிம் போட்ட கைபேசியில் வங்கியோடு இணைந்த சிம் எது என்று யுபிஐ கேட்கும் இடத்தில் என்ன ஆகிறது என்பதையெல்லாம் நிஜ சிம் போட்ட நிஜக் கைபேசியில்தான் பார்க்க முடியும்.

பார்வையற்ற பயணிகளையும் பட்டியல் மறந்துவிடக் கூடாது. இங்கே ஆட்டோமேஷன் எதிர்பாராத ஓர் உதவி செய்கிறது. ஆப்பியம் ஒரு பொத்தானை அடையாளம் காணப் பரிந்துரைக்கப்படும் வழிகளில் முதன்மையானது, டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள் படித்துக் காட்டும் அதே குறிப்புப்பெயர். பெயரில்லாத பொத்தானை அந்த வழியில் ஸ்கிரிப்டாலும் பிடிக்க முடியாது, பார்வையற்றவராலும் கண்டுபிடிக்க முடியாது. எனவே ‘இந்தப் பொத்தானுக்குப் பெயர் கொடு, இல்லாவிட்டால் சோதனை எழுத முடியாது’ என்று நிரலாளரிடம் நீங்கள் கேட்பது இரண்டு பேருக்கும் பலன் தரும். இது கருணைக்காகக் கேட்கும் விஷயமும் அல்ல. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதும்போது திரையில் தெரியும் ஆங்கில எழுத்தை வைத்துப் பொத்தானைத் தேடினால், தமிழுக்கு மாற்றியதும் எல்லாம் உடையும். பிறகு தமிழ்ச் சோதனையையே கைவிட்டுவிடுவார்கள். மொழி மாறினாலும் மாறாத அடையாளத்தை வைத்துத் தேடி, திரைவாசிப்பான் சொல்லும் பெயர் தமிழில் சரியாக இருக்கிறதா என்று தனியே சரிபார்க்க வேண்டும்.

கையால் சோதிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ஆட்டோமேஷன் மீதும், இப்போது தானே ஸ்கிரிப்ட் எழுதும் செயற்கை நுண்ணறிவு மீதும் பயம் இருப்பதை அறிவேன். வீட்டுக் கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பயம் நியாயமானது. ‘புதிதாகக் கற்றுக்கொள்’ என்று ஒரு வரியில் சொல்லி ஒதுக்குவது அநியாயம். நூறு தடவை அதே பொத்தானை அழுத்தும் வேலை போகும். அதைக் காப்பாற்றுவேன் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. செயற்கை நுண்ணறிவு எழுதும் ஸ்கிரிப்ட், கேட்டதைச் செய்யும். ‘டிக்கெட் எடுப்பதைச் சோதி’ என்றால் டிக்கெட் எடுத்துக் காட்டும். பணம் கட்டும் நடுவில் செயலி நின்றுவிடும் கைபேசியை, சானடோரியத்தையும் தாம்பரத்தையும் குழப்பும் திரையை, தோராய இடம் கொடுத்த பயணியைக் கேட்கத் தெரிந்தவர் கேட்டால்தான் அது தேடும். உங்கள் சம்பளப் பேச்சில் எத்தனை ஸ்கிரிப்ட் எழுதினீர்கள் என்பதைவிட, மற்றவர் கண்ணுக்குப் படாத எந்தக் கைபேசியை, எந்த நிலையைப் பட்டியலுக்குள் கொண்டுவந்தீர்கள் என்பதை முன்வையுங்கள். அதை எண்ணிக் காட்டவும் முடியும், அதனால் பிடிபட்ட கோளாறுகளோடு சேர்த்துக் காட்டவும் முடியும்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த ரிலீஸுக்கு முன் உங்கள் குழுவின் கைபேசிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் 3 ஜிபிக்குக் குறைந்த ராம் உள்ளது ஒன்றாவது இருக்கிறதா, தமிழில் வைத்தது இருக்கிறதா, எழுத்தைப் பெரிதாக்கியது இருக்கிறதா, இரண்டு சிம் போட்டது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், எந்தெந்தக் கைபேசியில், எந்த நிலையில் இந்தச் செயலி சோதிக்கப்படவில்லை என்று சைன்-ஆஃப் மின்னஞ்சலில் ஒரு பத்தி எழுதுங்கள். அது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான், யாரும் தடுக்க முடியாது. அரசுக்காகவோ பொதுத்துறைக்காகவோ செயலி செய்யும் குழுக்களில் இருப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், சோதித்த கைபேசிகளின் பட்டியலைச் செயலியின் பக்கத்திலேயே வெளியிடும்படி கேளுங்கள். டெண்டர் ஆவணத்தில் கைபேசிப் பட்டியல் ஒரு நிபந்தனையாக இடம்பெற வேண்டும் என்று கும்டாவுக்கும் ரயில்வேக்கும் எழுதுவதற்கு ஊரப்பாக்கத்துப் பயணிகளாகவே உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த நிபந்தனையை எப்படி எழுத வேண்டும் என்பது, சோதனையாளர்களாக உங்களுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்